ஒரு சொல்லும் பல நீர்நிலையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியின் இரு மருங்கும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. அதிற் பெரும்பகுதி கரிசல் நிலம். கோடையில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ கால் புதையக் குழைந்து நிற்கும். பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அங்கே மானாவாரியாக விளைகின்றன. குண்டாறு அப்பகுதியின் ஊடே செல்கின்றது. ஆயினும் மழைக்காலத்தில் சில நாள் பெருகி ஓடிப் பல மாதம் வெறும் மணலாய்க் கிடப்பதே அதன் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையே அந்நாட்டின் முதற்செல்வம். சில வாரங்களிற் பெய்யும் மழையைத் தேக்கி வைத்து, ஆண்டு முழுவதும் அதனைக் கொண்டு வாழ்தல் அங்குள்ள மக்களின் கடமையாயிற்று.

சுழி என்பது நீர் சுழன்று ஓடும் இடத்தைக் குறிக்கும் சொல். ஊழி வெள்ளத்தை இறைவன் சுழித்து நிலத்தினுள் செல்லச் செய்த இடமே திருச்சுழி என்று அவ்வூர்த் தலபுராணம் கூறும். நீர் அருகிய நாட்டில் ஓர் ஊர் வெள்ளத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நீரை எண்ணாமல் அங்கே ஊருக்குப் பெயரும் இட முடியவில்லை போலும்!

இத்தகைய நாட்டில் வாழ்வோர் நீர் நிற்கும் இடங்கள் அனைத்திற்கும் ஒரே பெயர் இட்டாரல்லர். வயலுக்குப் பாயும் நீரைத் தேக்குவது கண்மாய். குடிப்பதற்குரிய நீரைக் காப்பது ஊருணி. கோயிலைச் சார்ந்து, நான்கு புறமும் கற்படிகள் அமையப் பெற்றது தெப்பக்குளம். ஆடுமாடுகள் நீர் பருகும் சிறு பள்ளம் குட்டை. மழைநீரை ஏந்தி நிற்கும் சிறிய நீர்நிலை ஏந்தல். இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை பல பொருள் குறித்த பல சொற்களே ஆகும்.

இவையனைத்தையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்து, அலுவலகங்களும் நூல்களும் பெரும்பாலும் ஒரு சொல்லையே ஆள்கின்றன. அச்சொல் ‘டேங்க்’ என்பது. கண்மாயும் டேங்க், தெப்பக்குளமும் டேங்க், பல இடங்களில் ஊருணியும் டேங்க். வேறுபாடு காட்ட வேண்டுமாயின், பாசன டேங்க், கோயில் டேங்க், குடிநீர் டேங்க் என்று ஒவ்வோர் அடைமொழியைச் சேர்க்க வேண்டும். தமிழ்ப் பெயர்ச்சொல் தன்னுள்ளேயே கொண்டிருந்த பொருளை, ஆங்கிலத்தில் அடைமொழி ஒன்று வந்து தூக்கிக் கொடுக்க வேண்டியதாகின்றது. அடைமொழி உதிர்ந்துவிட்டால் பொருளும் உடன் உதிர்ந்து போகின்றது.

அச்சொல் ஆங்கிலத்தில் தோன்றி வளர்ந்த வரலாறு சுவையுடையது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த ஆங்கில வணிகரும் பயணிகளும் இந்நாட்டு நீர்நிலைகளைக் குறிக்க அதனை வழங்கத் தொடங்கினர். குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியையும் நிலவறை நீர்த்தேக்கத்தையும் குறிக்கும் ஒத்த சொற்கள் உண்டு. போர்த்துக்கீசிய மொழியிலும் ‘தாங்க்கே’ என்னும் சொல் குளத்தைக் குறிக்கின்றது. இவ்விரண்டனுள் எது மூலம், எது துணை என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இருவகைக் கருத்தையும் எடுத்து ஆராய்கின்றது. தமிழில் ‘தேங்கு’ என்னும் வினைச்சொல் இருத்தலைக் கண்டு, அதுவே மூலம் என்று உடனே துணிந்துவிடுவாரும் உளர். ஒலி ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. மாணவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இங்ஙனம் ஆங்கிலத்திற் புகுந்த சொல், பின்னர்ப் பல பொருள்களை மேற்கொண்டது. நீரையோ எண்ணெயையோ வளியையோ கொள்ளும் பெருங்கலம் டேங்க் எனப்பட்டது. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியும், வண்டிகளில் எரிபொருள் நிற்கும் கலமும் அப்பெயரையே பெற்றன. அமெரிக்காவில் டெக்சஸ் போன்ற வறண்ட பகுதிகளில், கால்நடைகளுக்காக வெட்டிய குட்டையையும் டேங்க் என்றே அழைக்கின்றனர். அறிஞர் பலர் கூடி அரசியல், பொருளியல் முதலியவற்றை ஆராயும் நிறுவனத்தைச் சிந்தனை டேங்க் என்னும் பொருள்படும் தொடரால் சுட்டுவர். அச்சொல்லை வினையாக்கி, வாணிகம் வீழ்ச்சியுறுதலையும் முயற்சி தோல்வியுறுதலையும் குறிப்பதும் இக்கால ஆங்கில வழக்கு.

இவற்றினும் வியப்பானது, அச்சொல் போர்க்களம் புகுந்த கதை. முதல் உலகப் போரின்போது, சங்கிலிச் சக்கரங்களில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கவச ஊர்தியொன்றை ஆங்கிலேயர் மறைவாக உருவாக்கினர். பகைவர் அறியாவண்ணம் அதற்கு ஒரு மறைபெயர் வேண்டியிருந்தது. எர்னெஸ்டு சுவிண்டன் என்னும் படைத்தலைவரும் அவருடைய துணைவரும் சிஸ்டர்ன், ரெசர்வாயர் முதலிய சொற்களை எண்ணிப் பார்த்து ஒதுக்கினர். சுருங்கி ஒலிக்கும் டேங்க் என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டனர். நீர் கொண்டு செல்லும் கலம் ஒன்று உருவாகின்றது என்று கேட்போர் எண்ணிக்கொண்டனர். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுப் போரில் அவ்வூர்தி முதன்முதல் களம் புகுந்தது. மறைபெயரே நிலைத்த பெயராயிற்று. அச்சொல் உள்ளே இருப்பது இன்னதென்று வெளிப்படுத்தாது. ஆதலின் அப்பணிக்கு ஏற்றதாயிற்று. பொதுச்சொல்லின் வலிமையும் அதுவே; அதன் குறையும் அதுவே.

ஆங்கிலத்திற்கு நீர்நிலையைக் குறிக்கும் வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. இயற்கையாய் அமைந்த பெருநீர்ப் பரப்பு லேக் எனப்படும். சிறு குளம் பாண்ட். தேங்கிய சிறு நீர் பூல். நகருக்கோ நிலத்திற்கோ வழங்குதற்பொருட்டு நீரைச் சேமிக்கும் பெருந்தேக்கம் ரெசர்வாயர். வீட்டிலோ நிலத்தடியிலோ அமைந்த நீர்த்தொட்டி சிஸ்டர்ன். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை ஆள்வோரை ஆங்கிலம் அறிந்தோர் திருத்துவர். ஆனால் ஒரு புறம் வளைந்த மண்கரை எழுப்பி, மழை வெள்ளத்தை மறித்து, மடை வழியே வயலுக்கு விடும் அமைப்பு இங்கிலாந்தின் உழவிற்குத் தேவைப்படவில்லை. ஆண்டு முழுவதும் பரவலாக மழை பெறும் நாடு அது. தேவையில்லாத பொருளுக்கு எந்த மொழியும் சொல் படைத்து வைத்திருப்பதில்லை. ஆகவே, இங்கு வந்த ஆங்கிலேயர் கைக்குக் கிடைத்த ஒரு சொல்லையே எல்லாவற்றிற்கும் இட்டனர். அது குற்றமன்று, அவர்தம் மொழியின் எல்லை.

தமிழ்மொழிக்கு அவ்வெல்லை இல்லை. நிகண்டு நூல்கள் கயம், பொய்கை, வாவி, தடாகம், இலஞ்சி என நீர்நிலைக்குரிய பெயர்களை அடுக்கித் தருகின்றன. மலையில் ஊறுவது சுனை. மணலிலும் மண்ணிலும் தோண்டப்பெறுவது கேணி. நாட்டு வழக்கும் இடத்திற்கிடம் மாறும். செங்கற்பட்டுப் பகுதியில் ஏரி என்றும் தாங்கல் என்றும் வழங்கும் நீர்நிலையைப் பாண்டிநாட்டார் கண்மாய் என்பர். பேச்சில் அது ‘கம்மாய்’ என ஒலிக்கும். திருநெல்வேலிச் சீமையில் பாசன நீர்நிலையும் குளமே, ஈழத்திலும் அவ்வாறே. வேடந்தாங்கல் என்னும் ஊரின் பெயரிலேயே தாங்கல் என்னும் நீர்நிலை நிற்கின்றது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரங்களில் கோவிலாங்குளம், கல்லூரணி, முக்குளம், முடுக்கன்குளம் என்னும் ஊர்கள் நீரையே பெயராய்க் கொண்டுள்ளன. ஊர்ப்பெயர்ப் பலகையே அங்கு நீர்நிலைகளின் பட்டியலாகும்.

சொல் வேறுபட்டால் கடமையும் வேறுபடும் என்பதைக் கண்மாயைக் கொண்டு காணலாம். கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. மழைநீரைக் கொணரும் வரத்துக்கால், நீர் பரந்து நிற்கும் உள்வாய், அதனைத் தாங்கும் கரை, வயலுக்கு நீர்விடும் மடை, மிகுநீரை வெளியேற்றும் கலுங்கு, அந்நீரால் விளையும் ஆயக்கட்டு ஆகிய உறுப்புகள் அனைத்தும் சேர்ந்ததே கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். மேலூரார் வரத்துக்காலை அடைத்தால் கீழூரார் வயல் காயும். இன்ன வயலுக்கு இத்துணைப் பொழுது என நீரை முறைவைத்துப் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி என்பவர் ஊருக்கு ஊர் இருந்தார். இராமநாதபுரம் சீமையிலுள்ள இராசசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் புகழ்வர். ஒரு கண்மாயின் பெருமையை அதன் பரப்பாலன்றி மடைகளால் எண்ணினர் அம்மக்கள். அஃது எத்துணை நிலத்திற்கு உதவிற்று என்பதே அவர்தம் அளவுகோல்.

ஊருணியின் முறையோ வேறு. ஊர் உண்ணும் நீரை உடையது ஊருணி. கரிசல் நிலத்துக் கிணறுகளிற் பல உவர்நீர் சுரப்பன. அங்கெல்லாம் மழைநீர் நிறைந்த ஊருணியே தாயாய் நின்று தண்ணீர் ஊட்டியது. அதனுள் கால்நடை இறங்கலாகாது, துணி வெளுத்தலாகாது, குளித்தலும் ஆகாது. கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்தனர். இக்கட்டுப்பாடுகள் பலவும் எழுதிய சட்டத்தால் வந்தவையல்ல; பெயரோடு பிறந்தவை. ஊருணி என்று சொல்லும்போதே ‘இஃது உண்ணும் நீர்’ என்னும் எச்சரிக்கை செவியில் விழுகின்றது. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், உலகம் விரும்பும் பேரறிவாளனது செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். அவர் ஏரியைச் சொல்லவில்லை, குளத்தைச் சொல்லவில்லை. ஊரார் அனைவரும் உண்ணுதற்கு உரியது ஊருணி ஒன்றே ஆதலின் அதனையே தேர்ந்தார். அவ்விடத்து டேங்க் என்று மொழிபெயர்த்தால் நீர் மிஞ்சும், உவமை வற்றிவிடும்.

பெயர் மறைந்தால் நேரும் கேட்டினை இக்காலத்திற் காணலாம். இன்று சிற்றூர்ச் சிறுவனிடம் டேங்க் எங்கே என்று வினவினால், அவன் கூரைமேல் இருக்கும் கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியையோ, தெருமுனையில் தூண்கள்மேல் நிற்கும் மேல்நிலைத் தொட்டியையோ காட்டுவான். தொலைவிலுள்ள ஆற்றின் நீர் குழாய் வழியே அத்தொட்டிக்கு வந்து சேர்கின்றது. அது நன்மையே, குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த மகளிரின் துயரை அது குறைத்தது. ஆனால் டேங்க் என்னும் சொல் கூரைக்கு ஏறிய அதே காலத்தில், ஊருணி என்னும் சொல் பல ஊர்களில் நாவிலிருந்து இறங்கிற்று. சொல் இறங்கிய இடத்தில் குப்பை ஏறிற்று. உண்ணும் நீர் என்று அழைக்கப்படாத பள்ளத்தில் குப்பை கொட்ட எவரும் கூசுவதில்லை.

சென்னை மாநகரில் இதன் பெரிய வடிவம் உண்டு. மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பேரேரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்று குறித்தனர். 1920-களில் அதன் நீரை வடித்து, அவ்விடத்தில் தியாகராய நகரை அமைத்தனர். ஏரி போயிற்று, ஏரியின் நினைவைச் சுமக்கும் சில தெருப்பெயர்கள் மட்டும் எஞ்சின.

சட்டத்திலும் சொல்லின் எல்லை முதன்மையானது. கண்மாய்க் கரையைக் காக்க ஊரார் கூடி உழைக்கும் குடிமராமத்து முறை தொன்றுதொட்டு வந்தது. அது தளர்ந்த காலத்தில், கரை உடையும் நிலையில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு ஒரு சட்டம் வந்தது. 2007-ஆம் ஆண்டில் நீர்நிலைகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலும் டேங்க் என்னும் சொல்லே நிற்கின்றது. ஆயின், அது பொதுப்பணித்துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளை நோக்கி இயற்றப்பட்டது. ஊராட்சியின் பொறுப்பிலுள்ள சிற்றூருணிக்கு வேறு விதிகளையே நாட வேண்டும். ஒரே சொல்லால் அழைக்கப்படுவதனால், எல்லாவற்றிற்கும் ஒரே காவல் உண்டென எண்ணுவது தவறாய் முடியும். எந்த நீர் எவர் பொறுப்பு என்பதை முதலில் உணர்த்துவது பெயரே.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றைக் கணக்கிடவும் செப்பனிடவும் பொதுப்பெயர் ஒன்று வேண்டாவோ என்பர். வேண்டும், அதனை மறுப்பார் இலர். மாவட்டங்கள் பலவற்றிற்கும் பொதுவான ஒரு சொல் இல்லையேல் கணக்கு நடவாது. ஆனால், கணக்கிற்குப் பொதுப்பெயரும், பதிவேட்டிற்கு ஊர்ப்பெயரும் என இரண்டும் ஒருங்கே இருத்தல் இயலும். ஊரில் ஆயிரம் பேர் என்று தொகை கூறுவதனால் ஒவ்வொருவர்க்கும் உள்ள பெயரை எவரும் அழித்துவிடுவதில்லை. தமிழ்ச் சொற்களே இடந்தோறும் மாறுகின்றனவே, அவற்றால் தெளிவு எங்ஙனம் வரும் என வேறு சிலர் வினவுவர். இடந்தோறும் மாறுதலே அவ்விடத்து வழக்கைப் பதிவு செய்தற்குரிய காரணமாகும். திருநெல்வேலிக் குளமும் திருச்சுழிக் குளமும் ஒரு பணியினவோ அல்லவோ என்பதை அவ்வவ்வூர் வழக்கை அறிந்தவரே கூற வல்லார்.

ஆங்கிலத்தில் எழுதும்போது கண்மாய் என்னும் சொல்லை அப்படியே எழுதினால் அம்மொழியினர்க்கு விளங்குமோ என்னும் ஐயமும் தேவையற்றது. ஆங்கிலம் தனக்கில்லாத பொருளின் பெயரை அப்பொருளோடு சேர்த்து ஏற்கும் மொழி. நார்வே நாட்டுக் கடற்கழியைப் ‘பியோர்டு’ என்றும், அரபு நாட்டு வறண்ட ஆற்றுப்படுகையை ‘வாடி’ என்றும் அவ்வந் நாட்டார் சொல்லாலேயே அது குறிக்கின்றது. தமிழிலிருந்தும் அங்ஙனம் பெற்றுள்ளது. அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல் ‘அனிகட்’ என உருமாறி ஆங்கிலப் பொறியாளர் நூல்களில் ஏறிற்று. கல்லணையை அவர்கள் ‘கிராண்ட் அனிகட்’ என்றே எழுதினர். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டிய மேலணைக்கும் அச்சொல்லே பெயராயிற்று. ஆயக்கட்டு என்பதும் ‘அயகட்’ என நீர்ப்பாசன ஏடுகளில் இன்றும் வழங்குகின்றது. அணையின் பெயர் கடல் கடந்து சென்றது. வயலின் பெயரும் உடன் சென்றது. இடையிலிருக்கும் கண்மாய்க்கும் ஊருணிக்கும் மட்டும் வழி அடைபட வேண்டுவதில்லை. பொறியாளர் சிலர் ஊருணி என்னும் சொல்லை ஆங்கில அறிக்கைகளில் அப்படியே எழுதிவருகின்றனர். அது போற்றத்தக்க வழக்கு.

ஆகவே, டேங்க் என்னும் ஆங்கிலச் சொல்லை மாணவர் வெறுத்தல் வேண்டா. நன்கு கற்றல் வேண்டும். அதன் வரலாற்றையும், அதன் பல பொருளையும், பாண்ட், லேக், ரெசர்வாயர் முதலிய சொற்களினின்று அது வேறுபடும் இடத்தையும் தெளிந்து, உரிய இடத்தில் அதனை ஆள வேண்டும். அவ்வாறு ஒரு சொல்லை அளந்து அறிந்தவரே அது கொள்ளாத பொருள் யாதென்பதையும் அறிவர். கொள்ளாத பொருளை அதனுள் திணித்தல் இருமொழிக்கும் செய்யும் தீங்காகும்.

வறண்ட நாட்டுப் பள்ளிகளில் பயிலும் மாணவர்க்கு இதில் தனிக்கடமை ஒன்று உண்டு. அவரவர் ஊரின் நீர்நிலைகள் எத்தனை, அவற்றின் பெயர் யாவை, எந்த வரத்துக்கால் எங்கிருந்து வருகின்றது, எந்தக் கலுங்கின் நீர் எவ்வூர்க்குச் செல்கின்றது என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அவ்வேட்டிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை, பெரும்புலமையும் வேண்டா. முதியோர் நினைவிலுள்ள பெயர்கள் அவரோடு மறைந்து போகாமல், அடுத்த மழைக்காலத்திற்கு முன் தாளில் ஏறினாற் போதும். நீர் வரும் வழியைப் பெயரிட்டு அறிந்த ஊரார் அதனை எளிதில் அடைக்க விடார். ஐப்பசி மழை பொழியும்போது, பெயர் மறவாத கண்மாய் நிறையும். அதன் மறுகால் அடுத்த ஊரை நனைக்கும்.